லாட்ஜ் வேண்டாம், டீச்சர் வீடு போதும்! ஆசிரியர்களுக்கு ஒரு காஞ்சிபுரம் சிக்கன ட்ரிப் கைடு

காலாண்டுத் தேர்வு முடியப்போகிறது என்றாலே எல்லா ஸ்டாஃப் ரூமிலும் ஒரே பேச்சுதான். "இந்த லீவுக்காவது எங்கேயாவது போகணும்!" அப்புறம் யாராவது ஒருத்தர் மொபைலில் ரூம் வாடகையைத் தேடிப் பார்ப்பார். பேச்சு அதோடு முடிஞ்சிடும். தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு இளம் ஆசிரியருக்கு பஸ் டிக்கெட் ஒரு பிரச்னையே இல்லை. ரெண்டு ராத்திரி தங்குற செலவும் ஆறு வேளை ஹோட்டல் சாப்பாடும்தான் பட்ஜெட்டைக் காலி பண்ணும்.

இதில் பெண்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கு. கோயில் ஊர்களில் தனியாக வரும் ஒருவருக்கு ரூம் தரத் தயங்கும் லாட்ஜுகள் இன்னும் இருக்கின்றன. "கூட யாரும் வரலையா?" என்ற அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே ட்ரிப்பை கேன்சல் செய்தவர்கள் நிறைய பேர்.

இதற்கு ஆசிரியர்கள் கையிலேயே ஒரு வழி இருக்கிறது. போகிற ஊரில் இருக்கும் இன்னொரு ஆசிரியர் வீட்டில் தங்குவது. அவர் உங்கள் ஊருக்கு வரும்போது உங்கள் வீட்டில் தங்கவைப்பது. எப்படி ஏற்பாடு பண்ணுவது, எதில் கவனமாக இருக்கணும், காஞ்சிபுரத்தில் ரெண்டு நாளை எப்படிச் செலவழிக்கலாம்... எல்லாம் இங்கே.

ஆரம்பித்து வைத்ததே ஆசிரியர்கள்தான்!

வீடு மாற்றிக்கொண்டு ஊர் சுற்றும் பழக்கத்தை ஐரோப்பாவில் ஒழுங்குபடுத்திய முன்னோடிகள் ஆசிரியர்கள். நீண்ட விடுமுறை இருந்தது, சம்பளம்தான் இல்லை. அதனால் 1953-ல் ஐரோப்பிய ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து 'இன்டர்வேக்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். விடுமுறையில் உன் வீட்டில் நான், என் வீட்டில் நீ. அவ்வளவுதான் திட்டம்.

அதற்கு நாலு வருஷம் முன்பே, 1949-ல், பாப் லூயிட்வைலர் என்ற அமெரிக்க அமைதி ஆர்வலர் டென்மார்க்கில் 'செர்வாஸ்' அமைப்புக்கு வித்திட்டார். நாடு விட்டு நாடு போகிறவர்கள் உள்ளூர்க்காரர் வீட்டில் தங்கிப் பேசிப் பழகினால் போர் குறையும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. இதில் சேர நேர்காணல் உண்டு, அறிமுகக் கடிதம் உண்டு. பொதுவாக ரெண்டு ராத்திரி தங்கலாம், தங்குவதற்குக் காசு கிடையாது. இந்தியாவிலும் செர்வாஸ் இருக்கிறது. கல்வித்துறையில் இருப்பவர்களுக்கு மட்டும் என்றே 'எஜுகேட்டர்ஸ் டிராவல் நெட்வொர்க்' என்ற அமைப்பும் பின்னால் வந்தது. ஆண்டுச் சந்தாவோடு, தங்கும் இரவுக்கு ஒரு சின்னத் தொகை கொடுக்கும் முறை அது.

2004-ல் வந்த 'கவுச்சர்ஃபிங்' இதை இளைஞர்களிடம் கொண்டுபோனது. 2020-ல் அதற்கும் சந்தா வந்துவிட்டது.

நம்ம ஊருக்கும் இது ஒன்றும் புதுசில்லை. கல்விக்காக ஆட்கள் தேடி வந்த ஊர் காஞ்சிபுரம். அன்றைய கல்விச்சாலைக்குப் பெயர் கடிகை. கி.பி. 4-ம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்ற இளைஞர் தன் குரு வீரசர்மனோடு கர்நாடகப் பகுதியிலிருந்து காஞ்சி கடிகைக்குப் படிக்க வந்ததை தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. வந்த இடத்தில் பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு தகராறு ஆகி, படிப்பை விட்டுவிட்டுப் போய் கடம்ப அரசையே நிறுவிவிட்டார் என்பது தனிக்கதை. 7-ம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங்கும் காஞ்சிக்கு வந்து போயிருக்கிறார். அப்போது இங்கே ஆன்லைன் புக்கிங் கிடையாது. திண்ணையும் சத்திரமும் மடமும்தான்.

ஏன் குறிப்பா ஒரு டீச்சர் வீடு?

முதல் காரணம், நம்பிக்கை. எந்தப் பள்ளி, என்ன பாடம், எத்தனை வருஷம் என்று கேட்டால் ஒரு போன் காலில் சரிபார்த்துவிடலாம். முகம் தெரியாத ஒரு ஆப் புரொஃபைலை விட இது எவ்வளவோ மேல்.

ரெண்டாவது, காலண்டர். காலாண்டு, அரையாண்டு, கோடை என்று உங்களுக்கு லீவு இருக்கும்போது அவருக்கும் லீவுதான். யாரும் அவசரமாக ஆபீஸ் கிளம்ப மாட்டார்கள்.

மூன்றாவது, பேச்சு. டூரிஸ்ட் கைடு கோயிலின் கதையைச் சொல்வார். ஒரு ஆசிரியருக்கு அந்தத் தெருவில் எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தியது, ஏன் நிறுத்தியது என்பது வரை தெரியும். காஞ்சிபுரம் மாதிரி நெசவு ஊரில் இது ரொம்ப முக்கியம். ஒரு காலத்தில் பட்டுத்தறியில் உதவிக்குப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தது பல வீடுகளில் சின்னப் பிள்ளைகள்தான். அந்தப் பிள்ளைகளைத் தறியிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவந்ததில் ஊர் ஆசிரியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கதையைக் கேட்க, ஒரு ராத்திரி அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்தால்தான் முடியும்.

காஞ்சிபுரத்தில் யாரைத் தெரியும்?

'எனக்கு யாரையும் தெரியாதே' என்று முடிவு பண்ணாதீங்க. கொஞ்சம் யோசித்தால் ஆள் கிடைப்பார். இந்த வரிசையில் தேடுங்க.

* பி.எட். பேட்ச்: உங்கள் செட்டில் யாராவது ஒருவர் அந்தப் பக்கம் வேலையில் இருப்பார், இல்லை கல்யாணமாகிப் போயிருப்பார்.
* விடைத்தாள் திருத்தும் முகாம், பயிற்சி வகுப்பு: ஒரே மேஜையில் பத்து நாள் உட்கார்ந்து திருத்தியவரை விட நெருக்கமான நட்பு ஏது?
* மாறுதல் கலந்தாய்வில் போனவர்கள்: உங்கள் பள்ளியிலிருந்து மாறுதல் வாங்கிக்கொண்டு வேறு மாவட்டம் போன சீனியர்களைக் கேளுங்க. அவர்களுக்கு அங்கே இப்போது ஒரு முழு ஸ்டாஃப் ரூமே பழக்கம்.
* ஆசிரியர் சங்கம், பாட வாரியான வாட்ஸ்அப் குழு: பொதுவாக 'யாராவது இருக்கீங்களா?' என்று போடாதீங்க. குழுவில் இருக்கும் தெரிந்த ஒருவரிடம் தனியாகக் கேட்டு, அவர் மூலமாக அறிமுகமாகுங்கள்.

விதி ஒன்றே ஒன்றுதான். உங்கள் ரெண்டு பேரையும் நேரில் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவர் நடுவில் இருக்கணும். செர்வாஸ் கேட்கும் அறிமுகக் கடிதத்துக்கு நம்ம ஊர் வடிவம் இது.

முதல் மெசேஜ் எப்படி இருக்கணும்?

'ஹாய் டீச்சர், நாளைக்கு உங்க ஊருக்கு வர்றேன், தங்க இடம் கிடைக்குமா?' என்று கேட்டால் மறுக்கவும் முடியாது, ஒத்துக்கொள்ளவும் முடியாது. குறைந்தது ரெண்டு வாரம் முன்பே, எல்லா விவரத்தோடும், மறுப்பதற்கு இடம் விட்டுக் கேளுங்க. இப்படி:

"வணக்கம் டீச்சர். நான் இன்ன பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். இன்னார் சார் உங்க நம்பர் கொடுத்தார். அரையாண்டு லீவில் ரெண்டு நாள் காஞ்சிபுரம் வரலாம்னு இருக்கேன், நான் ஒரு ஆள்தான். உங்க வீட்டில் வசதிப்பட்டால் ரெண்டு ராத்திரி தங்கிக்கலாமா? ஹாலில் பாய் போட்டாலும் போதும். பகல் முழுக்க வெளியில்தான் இருப்பேன். வசதிப்படலைன்னா தயங்காமச் சொல்லுங்க, ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். உங்க வீட்டில் யாராவது எங்க ஊர்ப் பக்கம் வந்தா, எங்க வீடு இருக்கு டீச்சர்."

பதில் வரவில்லையா? அதுவும் ஒரு பதில்தான். திரும்பத் திரும்பக் கேட்காதீங்க. 'வீட்டில் பெரியவங்களுக்கு உடம்பு சரியில்லை' என்று வந்தால், 'பரவாயில்லை டீச்சர், பார்த்துக்கோங்க' என்று அனுப்பிவிட்டு அடுத்த ஆளைத் தேடுங்க.

பாதுகாப்பு: கூச்சப்படாமல் செய்ய வேண்டியவை

1. போவதற்கு முன் ஒரு தடவையாவது வீடியோ காலில் பேசுங்க. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நேரடியாகவே கேளுங்க. தப்பே இல்லை.
2. முழு முகவரி, வீட்டுக்காரர் நம்பர், திரும்பும் நாள் மூன்றையும் வீட்டிலும் ஒரு நண்பரிடமும் கொடுங்க. லைவ் லொகேஷனை ஆன் செய்து வையுங்க.
3. தனியாகப் போகும் பெண்கள், ஆசிரியை இருக்கும் குடும்பமாகப் பார்த்துத் தங்குங்கள்.
4. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேரும்படி கிளம்புங்க.
5. ஒரு ராத்திரி ரூம் போடுற அளவு காசைத் தனியாக எடுத்து வையுங்க. மனசுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால், 'ஊரிலிருந்து அவசரமா போன் வந்துடுச்சு' என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். காரணம் விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

வீட்டுக்குள் போன பிறகு...

தங்குறதுக்குக் காசு கொடுத்தால் அவர்கள் வாங்க மாட்டார்கள், வருத்தம்தான் படுவார்கள். அதற்காக வெறுங்கையோடு இருக்கலாமா? ஒரு நாள் காலையில் காய்கறி, பால், பழம் வாங்கி வந்துவிடுங்க. ஒரு வேளை சமையல் உங்களுடையது என்று சொல்லிவிடுங்க. ஸ்வீட் பாக்ஸுக்குப் பதில், அந்த ஆசிரியரின் வகுப்புக்கு ஒரு நல்ல சிறுவர் கதைப்புத்தகம் வாங்கிப் போங்க. அது பல வருஷம் பேசும்.

தண்ணீர் வரும் நேரம், குளியலறை வரிசை, பூஜை அறை, அசைவம் உண்டா இல்லையா என எல்லாத்தையும் முதல் நாளே கேட்டுக்கோங்க. நீங்கள் அசைவம் சாப்பிடுபவர், அவர்கள் சைவம் என்றால் ரெண்டு நாள் சமாளிங்க. வெளியிலிருந்து பார்சல் கொண்டுவராதீங்க.

இன்னொரு விஷயத்தையும் வெளிப்படையாகப் பேசியாகணும். யாரையாவது வீட்டில் தங்கவைக்கும்போது நம்ம ஊரில் சுற்றிவளைத்து ஒரு கேள்வி வரும். 'உங்க ஊர்ல எந்தத் தெரு?', 'சொந்தக்காரங்க எல்லாம் எங்க?' எதற்காகக் கேட்கிறார்கள் என்பது ரெண்டு பேருக்குமே தெரியும். வகுப்பில் எல்லோரும் சமம் என்று சொல்லித்தருகிற ரெண்டு பேர், வீட்டுக்குள் வந்ததும் அதை மறந்தால் எப்படி? கேள்வி வந்தால், "எங்க தெரு ஸ்கூலுக்குப் பக்கத்துத் தெருங்க" என்று சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றலாம். தட்டு, டம்ளர் வரைக்கும் வித்தியாசம் தெரிந்தால், அந்த வீட்டில் தங்கத் தேவையில்லை. எடுத்து வைத்த காசு இதற்கும்தான். நீங்கள் தங்கவைப்பவராக இருந்தால், அந்தக் கேள்வியை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

தறி இருக்கிற வீடா? இதையும் படிங்க

காஞ்சிபுரத்தில் ஆசிரியர்கள் பலர் நெசவுக் குடும்பத்திலிருந்து படித்து வந்தவர்கள். நீங்கள் தங்கும் வீட்டில் தறி இருக்கலாம், இல்லையென்றால் பக்கத்து வீட்டில் இருக்கும். குழித்தறி என்றால் நெய்பவர் காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்து மிதிப்பார். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஏறினால் வேலை நின்றுவிடும்.

கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் இருக்கும் கோர்வைச் சேலைதான் காஞ்சியின் அடையாளம். இதற்கு மூன்று நாடா ஓடணும், உதவிக்கு இன்னொரு ஆளும் வேணும். அந்த ரெண்டாவது ஆள் கிடைப்பதுதான் இன்றைக்குக் கஷ்டம். படித்த பிள்ளைகள் தறிக்குத் திரும்புவதில்லை. கூலி போதாதபோது அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

நெசவாளருக்குக் கூலி சேலைக் கணக்கில்தான். மணிக்கணக்கில் இல்லை. அதனால் தறியில் இருப்பவரிடம் நீங்கள் நின்று பேசும் அரை மணி நேரம், அவர் கூலியிலிருந்து போகும் அரை மணி நேரம். அவர் சாப்பிட எழுந்திருக்கும்போது பேசுங்க. எண்ணெய்க் கையோடு பாவைத் தொடாதீங்க. பாவைத் தாண்டிக் குதிக்காதீங்க. டிசைனை போட்டோ எடுக்கும் முன் கேளுங்க. வெளியே வராத டிசைனாக இருந்தால் 'வேண்டாம்' என்பார்கள்.

ரெண்டு நாள் காஞ்சி: குறைந்த செலவு ரூட்

சென்னையிலிருந்து சுமார் 75 கி.மீ. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு வழியாக மின்சார ரயில் நேராகவே வருகிறது. எண்ணிக்கை குறைவு என்பதால் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கோங்க. பஸ்ஸும் உண்டு. ஊருக்குள் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் கிடையாது.

முதல் நாள்: காலையிலேயே கைலாசநாதர் கோயிலுக்குப் போயிடுங்க. 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய மணற்கல் கோயில். சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாக 58 சின்னச் சின்னச் சன்னதிகள். சிலவற்றில் பழைய ஓவியத்தின் வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து ஏகாம்பரநாதர் கோயில். அதன் தெற்கு ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் காலத்தது, 1509. பிறகு காமாட்சியம்மன் கோயில். நண்பகலில் கோயில்கள் சாத்திவிடுவார்கள், மாலை 4 மணி வாக்கில்தான் திறப்பார்கள். மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கலாம். லாட்ஜ்காரர்களுக்குக் கிடைக்காத சுகம் இது. மாலையில் வைகுந்தப் பெருமாள் கோயில். இரண்டாம் நந்திவர்மன் கட்டியது. திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாறே சிற்பமாக ஓடுகிறது. வரலாற்று ஆசிரியர் என்றால் அங்கேயே ஒரு பாடத்துக்கு நோட்ஸ் எடுத்துவிடலாம்.

ரெண்டாம் நாள்: சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில். நூற்றுக்கால் மண்டபத்தின் மூலையில் தொங்கும் கல் சங்கிலியைப் பார்க்க மறக்காதீங்க. 40 வருஷத்துக்கு ஒருமுறை நீருக்குள்ளிருந்து எழுந்தருளும் அத்திவரதர் கடைசியாக 2019-ல் வந்தார். அடுத்தது 2059. காஞ்சியின் குடலை இட்லி மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து அவிப்பது. ஒரு துண்டு வாங்கினாலே ரெண்டு பேருக்குப் போதும். பிறகு திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயில், அங்கே விதானத்தில் ஓவியங்கள் இருக்கின்றன. கூட்டமே இருக்காது. திரும்பும் வழியில் அறிஞர் அண்ணா நினைவு இல்லம். 1909-ல் இந்த ஊரில் பிறந்த அண்ணாவும் அரசியலுக்கு முன் கொஞ்ச காலம் ஆசிரியர்தான்!

ஒரு எச்சரிக்கை. கோடை லீவில் வைகாசி பிரம்மோற்சவம் வரும். கருட சேவை அன்று ஊரே நிரம்பிவிடும். உள்ளூர்க்காரர்கள் வீட்டிலும் சொந்தபந்தம் வந்து இறங்கும் நாள் அது. அன்றைக்குத் தங்க இடம் கேட்காதீங்க.

சேலை வாங்கப் போறீங்களா?

கோயில் வாசலில் 'தறி வீட்டைக் காட்டுறேன் வாங்க' என்று கூப்பிடுபவர்களின் கமிஷன், நீங்கள் கொடுக்கும் விலைக்குள் இருக்கும். அதற்குப் பதில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கடைகளுக்குப் போய் முதலில் விலையைத் தெரிஞ்சுக்கோங்க. அறிஞர் அண்ணா பட்டுக் கூட்டுறவுச் சங்கம், முருகன் பட்டுக் கூட்டுறவுச் சங்கம் எனப் பல இருக்கின்றன. பட்டுக்கு சில்க் மார்க், கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க் பாருங்க. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-06-லேயே கிடைத்துவிட்டது. அசல் ஜரிகையில் வெள்ளிக் கம்பி இருக்கும், தங்கமுலாம் இருக்கும். விலை ரொம்பக் குறைவாக இருந்தால் ஜரிகை அசல் இல்லை என்று அர்த்தம். உங்களைத் தங்கவைத்த டீச்சரிடம் கேட்டால், எந்தக் கடைக்குப் போகணும் என்பதை விட எங்கே போகக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்வார்.

இப்போ நீங்க வீட்டுக்காரர்!

இந்த ஏற்பாடு ஒருவழிப் பாதையானால் ரெண்டே வருஷத்தில் செத்துவிடும். உங்கள் வீட்டுக்கும் ஆள் வரணும். அதற்கு முன் மூன்று விஷயம்.

* காசு வாங்காதவரை விருந்தினர். காசு வாங்கி அறை விட்டால் அது தொழில். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 பொருந்தும். அனுமதி இல்லாமல் தொழில் செய்யக் கூடாது. குடும்பத்தில் வேறு யாராவது முறைப்படி செய்ய நினைத்தால், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' திட்டத்தைப் பாருங்க. குடும்பம் அதே வீட்டில் வசிக்கணும், அதிகபட்சம் 6 அறைகள், 12 படுக்கைகள்.
* வெளிநாட்டவர் வந்தால், இலவசமாகத் தங்கினாலும், 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அதற்கான படிவத்தை நிரப்பணும். இது வீட்டுக்காரரின் சட்டக் கடமை.
* முடியாதபோது முடியாது என்று சொல்லுங்க. மனசுக்குள் சலித்துக்கொண்டு தங்கவைப்பதை விட அது மரியாதை. முக்கியமாக, ஆசிரியை வீட்டில் விருந்தாளி என்றால் அந்த ரெண்டு நாள் சமையலறை வேலையும் அவர் தலையில்தான் விழும். வீட்டு ஆண்கள் காபி போடப் பழகினால், அடுத்த விருந்தாளியையும் அவர் சந்தோஷமாகக் கூப்பிடுவார்.

போய் வந்ததும் ஒரு நன்றி மெசேஜ், ரெண்டு போட்டோ போதும். அவர்கள் வீட்டை, குழந்தைகளை ஸ்டேட்டஸில் போடும் முன் அனுமதி கேளுங்க. முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்க. அடுத்த பாடவேளையில் வைகுந்தப் பெருமாள் கோயில் சிற்பத்தையோ, மூன்று நாடா ஓடும் தறியையோ உங்கள் பிள்ளைகளுக்கு போனில் காட்டுங்கள். அரையாண்டு லீவுக்கு இன்னும் நாள் இருக்கு. கான்டாக்ட் லிஸ்ட்டைத் திறந்து, காஞ்சிபுரத்தில் யார் இருக்கிறார்கள் என்று இன்றைக்கே பாருங்க. அந்த மெசேஜை அனுப்பும்போது, "எங்க ஊருக்கு எப்போ வர்றீங்க?" என்று கேட்க மறந்துடாதீங்க.